மணலில் யூரியா தங்காது

மக்காச்சோளத்துக்கு விதைப்பிலேயே பாதி யூரியாவைப் போட்டுவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கரிசலுக்குச் சரி. எங்கள் திண்டுக்கல் பக்கத்து மணற்சாரி நிலத்துக்கு ஒத்துவராது. போன ஐப்பசியில் அப்படித்தான் போட்டேன். பத்து நாளில் இரண்டு கனமழை, சத்தெல்லாம் வேருக்குக் கீழே இறங்கிவிட்டது. பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அடி இலைகள் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக மஞ்சளித்தன.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே தழைச்சத்தில் (யூரியா தரும் நைட்ரஜன்) கால் பங்கு விதைப்பின்போது அடியுரம், விதைத்த 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதி என்பதுதான். நான் அந்தப் பாதியையும் உடைத்து 20, 30ஆம் நாட்களில் வைக்கிறேன். கூலி கூடுதல்தான், என்ன செய்வது! அப்புறம், உரம் வைத்து செடியடியில் மண் அணைத்ததும் தண்ணீரை லேசாகத்தான் விட வேண்டும். பாத்தி நிறையப் பாய்ச்சினால் அதுவும் அந்த மழை மாதிரிதான்.