வாசியுங்கள் போதும், நடிக்க வேண்டாம்

ஒலிப்புத்தகம் கேட்பதெல்லாம் படிப்பதில் சேராது என்று சென்னை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு நிறையப் பேர் கைதட்டியும் இருந்தார்கள். அவருக்கென்ன, சுலபம். ஜனவரி வந்தால் புத்தகக் காட்சி, இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே யாங்கோனில் (எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்) ஒரு தமிழ் நாவல் வேண்டுமென்றால் இந்தியாவுக்குப் போய்வருகிற யாரையாவது பிடித்து, பெட்டியில் இடம் இருக்குமா அண்ணே என்று கெஞ்சி, அவர் மறந்துவிட்டு வந்தால் அதற்கும் சிரித்துவைக்க வேண்டும். சரி, அதுகூடப் பரவாயில்லை. புத்தகம் வந்தால் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962இல் ராணுவ ஆட்சி வந்தபிறகு கடைகள் அரசுடைமை ஆயின, தனியார் பள்ளிக்கூடங்களும் ஆயின, தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அதோடு போயின, லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கப்பலேறினார்கள். இங்கேயே இருந்துவிட்டவர்களுக்குப் பேச்சு தங்கியது, எழுத்து பல வீடுகளில் தங்கவில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அடித்து அனுப்பியதால் எனக்கு வாசிக்க வரும். தங்கைக்கு வராது, அம்மாவுக்கும் வராது. ஆனால் இரண்டு பேரும் காலையிலிருந்து ராத்திரி வரை சண்டை போடுவது தமிழில்தான். அவர்களுக்கு ஒரு நாவல் என்றால் அது காது வழியாக வந்தால்தான் உண்டு.

அமெரிக்காவில் 1934இலும் பிரிட்டனில் 1935இலும் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை இசைத்தட்டில் பதிந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எடிசன்கூட 1877இல் ஃபோனோகிராஃப் செய்துவிட்டு, அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று மறுவருஷம் ஒரு பட்டியல் எழுதினார், அதில் பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகமும் இருக்கிறது. அவர்களிடம் போய் நீங்கள் ஒரு புத்தகமும் படிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்களேன். மழை பெய்யவில்லை என்றால் கோயில் மண்டபத்தில் மகாபாரதத்து விராட பருவத்தை வாசிக்கவைத்து ஊரே உட்கார்ந்து கேட்ட கூட்டம் நாம்.

அதை விடுங்கள், நான் எழுத வந்தது ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுத்து வாசிக்கிறவர்களைப் பற்றி. காதை மட்டும் நம்பிக் கேட்கிறவர்கள் வீட்டில் இருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கறார் அதிகம்.

தமிழில் உரையாடலைச் சத்தமாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பல வாசிப்பாளர்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நமக்கு ‘என்றான்’, ‘என்றாள்’ எல்லாம் பெரும்பாலும் பேச்சு முடிந்தபிறகுதான் வரும். தாளில் படிக்கும்போது கண் முன்னாடியே ஓடிப்போய் யார் பேசுவது என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறது, நமக்கே தெரியாது. காதுக்கு அந்த வசதி இல்லை. “நாளைக்குள் பணம் வரவில்லையென்றால் சாமானை எடுத்து வாசலில் வைத்துவிடுவேன், உன் அப்பன் காலத்திலிருந்து இதே பாட்டுதான்” என்று ஒருவர் கட்டைக்குரலில் உறுமிவிட்டு, அப்புறம் பார்த்தால் “என்றாள் கிழவி” என்று வருகிறது. அந்த இடத்தில் வாசிப்பாளர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். முன்கூட்டி ஒருமுறை படித்துப் பார்க்காமல் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். நல்ல வாசிப்பாளர் அந்தப் பேச்சின் முதல் சொல்லிலேயே லேசாக ஒரு அடையாளம் வைத்துவிடுவார், குரலைக்கூட மாற்ற வேண்டாம், வேகத்தை மாற்றினால் போதும், கிழவி நிதானமாகப் பேசுகிறாள், மருமகன் அவசரமாகப் பேசுகிறான், அவ்வளவுதான்.

இதேதான் நீளமான வாக்கியங்களுக்கும். பழைய எழுத்தாளர்கள் ஒரு வாக்கியத்தைப் பாதிப் பக்கத்துக்கு இழுப்பார்கள், வினைமுற்று கடைசியில் காத்திருக்கும். மூச்சு முட்டியது என்று நடுவில் எங்கேயோ குரலை இறக்கிவிட்டால் கேட்கிறவருக்கு வாக்கியம் முடிந்துபோனதாகத் தோன்றும், அப்புறம் வருவதெல்லாம் தலையில்லாத முண்டம். எழுதியவரே வாசித்திருக்கும் ஒலிப்புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். குரல் சுமார்தான், இருமல் வேறு, ஆனால் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, இப்போது நடிப்புக்கு வருகிறேன். ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பை வாசித்த ஜிம் டேல் அதில் 134 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்து கின்னஸில் ஏறினார். அது அசுர சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் என்று கிளம்புவதுதான் தாங்கவில்லை. முக்கியமாக ஆண்கள் பெண் குரலில் பேசுவது. கதையில் அவள் முப்பது வயது வக்கீல், வாசிக்கிறவர் வாயில் அவள் தெருக்கூத்துக் கோமாளி மாதிரி கீச்சென்று கத்துகிறாள். எழுதியவர் அவளுக்கு ஒரு கம்பீரம் கொடுத்திருக்கிறார் ஐயா, அதை ஏன் பிடுங்குகிறீர்கள்? பெண் வாசிப்பாளர்கள் ஆண் பாத்திரத்துக்கு இவ்வளவு சேட்டை செய்வதில்லை, கொஞ்சம் தாழ்த்திப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் பட்டியலில் அதிகமாகப் பெண் குரல்களே இருப்பது அதனால்தான்.

அதைவிடக் கொடுமை பின்னணி இசை. குதிரை வந்தால் குளம்புச் சத்தம், சோகம் வந்தால் வயலின், காதல் வந்தால் புல்லாங்குழல், மழை வந்தால் மழையேதான். இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் அமைதியான அறையில் நல்ல ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்பட்டிருப்பார்கள் போல. நான் கேட்பது உளுந்துக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டு. கரண்ட் எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும், அது போன நேரமெல்லாம் தெரு முழுக்க ஜெனரேட்டர் உறுமும். அந்த உறுமலோடு உங்கள் வயலினும் சேர்ந்தால் நடுவில் மாட்டிக்கொண்ட சொல் எதுவும் காதுக்கு வராது. இசையில்லாத, தட்டையான, தெளிவான ஒரு குரல் ஜெனரேட்டரையும் தாண்டி வந்துவிடுகிறது. பலர் சேர்ந்து நடிக்கும் ஒலி நாடகம் வேறு வகை, அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் அதற்கு ஒலி நாடகம் என்று பெயர் வையுங்கள், ஒலிப்புத்தகம் என்று சொல்லி விற்காதீர்கள்.

வட்டார வழக்கு இன்னொரு தலைவலி. பர்மாத் தமிழர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம். தாத்தா கப்பலில் கொண்டுவந்த பேச்சையே நாங்கள் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே மாறியது எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பைப் போட்டுவிட்டு நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியிலிருந்து வந்து “யாரு இவுக, நம்ம பக்கத்து ஆளா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாசிப்பாளர் எதையும் நடிக்கவில்லை, அவருக்கு அது சொந்தப் பேச்சு, அவ்வளவே. அதே தொகுப்பில் அடுத்த கதை திருநெல்வேலி வழக்கு, அதையும் அவரே வாசித்தார், ‘ஏலே’ என்ற இடமெல்லாம் சினிமாவில் கேட்டதைத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. தெரியாத வழக்கைப் பாவனை செய்வதைவிட எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி இயல்பாக வாசித்துவிட்டுப் போகலாம். சொற்களிலேயே ஊர் இருக்கிறது, ராகம் நாங்கள் போட்டுக்கொள்வோம்.

வானொலியிலிருந்து வந்தவர்கள் எப்படி என்று கேட்டால், உச்சரிப்புக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை. பிபிசி தமிழோசை சிற்றலையில் 2017 ஏப்ரலோடு நின்றது, அதுவரைக்கும் அப்பா அந்தக் குரல்களுக்காகவே ரேடியோவைத் தட்டித் தட்டி வைத்திருந்தார். ழகரம் ழகரமாக இருக்கும், ஒற்று விழாது. ஆனால் செய்தி வாசித்துப் பழகிய நாக்குக்குக் கல்யாணமும் சாவும் ஒரே ஏற்ற இறக்கம். பத்து நிமிஷம் கழித்து வானிலை அறிக்கை எப்போது வரும் என்று மனசு எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது இயந்திரக் குரல் வேறு வந்துவிட்டது. முதல் பக்கம் பிரமாதம், பெருமூச்சுகூட விடுகிறது! ஆனால் தமிழ் எழுத்தில் ‘பாட்டு’க்கும் ‘பாரதி’க்கும் ஒரே ‘பா’தான், எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிக்க வேண்டும் என்று மனிதனுக்குத் தெரியும், இயந்திரம் குத்துமதிப்பாகச் சொல்கிறது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நம் ஆட்கள் எல்லையோர ஊரான தமு வழியாக இந்தியாவுக்கு நடந்த கதைகளை நான் தேடித்தேடிக் கேட்பேன், அதில் வரும் பர்மா ஊர்ப்பெயர்களை அது படுத்துகிற பாடு இருக்கிறதே. பாமோவை எடுத்துக்கொள்ளுங்கள், ‘பாரதி’யில் வருகிற ‘பா’ அது, இயந்திரம் ‘பாட்டு’ என்று பாடுகிறது. நியாயமாகச் சொன்னால் மனித வாசிப்பாளர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்ல அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது, நாங்கள் இங்கே சும்மாதான் இருக்கிறோம்.

எதை வாசிப்பது என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. எங்கே திரும்பினாலும் கல்கி. அவர் 1954இல் காலமானார், இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுதான் காப்புரிமை, போதாததற்கு அவர் எழுத்து நாட்டுடைமையும் ஆகிவிட்டது, அதனால் மைக் வாங்கியவர் யாரும் முதலில் பொன்னியின் செல்வனைத்தான் எடுக்கிறார்கள். குறை சொல்லவில்லை, 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், நடுநடுவே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவார், காதுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் அதையே எத்தனை குரலில் கேட்பது? இன்றைக்கு எழுதுகிறவர்களின் சிறுகதைகள் நல்ல குரலில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவர்களைக் கேட்காமல் வாசித்து யூடியூபில் ஏற்றி, நடுவில் சோப்பு விளம்பரமும் போட்டுக் காசு பார்ப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். சம்பளம் வாங்காமல் லிப்ரிவாக்ஸ் போன்ற இடத்தில் காப்புரிமை தீர்ந்த புத்தகங்களை வாசித்து வைக்கிற தன்னார்வலர்கள் பக்கம்தான் நான். மின்விசிறிச் சத்தம் கேட்டாலும், தெருவில் நாய் குரைத்தாலும் பொறுத்துக்கொள்வேன். இங்கிருந்து வெளிநாட்டுச் செயலிக்குக் கார்டில் பணம் கட்டுவது பெரும்பாடு என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். (இந்தப் பதிவே விபிஎன் போட்டுத்தான் ஏறுகிறது. முகநூலை இங்கே 2021 பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டார்கள்.)

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. கட்டுரைக்கு ஒன்றேகால் சரி. கதைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு உதவி. தங்கை ஒரு குடும்ப நாவலைக் கேட்டுக்கொண்டிருந்தாள், முதல் இரண்டு பாகத்தையும் ஒரே பெண் வாசித்திருந்தார், அருமையான வாசிப்பு, மேலே சொன்ன ஒரு வியாதியும் கிடையாது. மூன்றாம் பாகத்தைத் திறந்தால் வேறு யாரோ ஒரு ஆண், போதாததற்கு பின்னால் வீணை. “அந்தப் பொம்பளை எங்க போச்சு?” என்று அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், தங்கை கேட்பதையே நிறுத்திவிட்டாள். அப்படிக் குரலை மாற்றாமல் கடைசி வரை ஒரே ஆள் வாசித்த நீளமான நாவல் ஏதாவது தெரிந்தால் கீழே பெயரைப் போடுங்கள். டவுன்லோடு செய்துவைக்கிற மாதிரி இருந்தால் நல்லது, வீணை இருந்தால் வேண்டாம்.