பெட்டிக்குள் இருக்கும் ஆட்கள்

(வீடு மாற்றும் நாள். மூன்றாம் மாடி. தம்பி ஐந்தாவது பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குகிறான்.)

தம்பி: அக்கா, புத்தகங்கள் என்று எண்ணித்தான் இத்தனை பெட்டிகளையும் வாய் திறக்காமல் தூக்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் கல். கல்லைக் கீழேயிருந்து மேலே சுமக்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா: அவை கனிமங்கள். மனிதர்களோடு பேசிச் சலித்துப்போய், எதிர்த்துப் பேசாத ஒன்றோடு பொழுதைக் கழிக்கலாம் என்றுதான் இவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன். ஆனால் எந்தக் கல்லை எடுத்தாலும் அதற்குள்ளிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்க்கிறார்.

தம்பி: அதனால்தான் இவ்வளவு கனமா?

அக்கா: இந்தப் பழுப்புக் கல்லைப் பார். ஜெர்மானியக் கவிஞர் கோத்தே ஏறத்தாழ 18,000 கற்களைச் சேர்த்து வைத்திருந்தவர். அவரைக் கௌரவிக்க 1806ஆம் ஆண்டில் இதற்குக் கோத்தைட் என்று பெயர் சூட்டினார்கள். இரும்பில் படிகிற துருவிலும் இது உண்டு.

தம்பி: அப்படியென்றால் மிதிவண்டிச் சங்கிலியிலிருந்து நான் சுரண்டி எறிந்தது கவிஞரையா? அது கிடக்கட்டும், அந்த 18,000 கற்களையும் மாடியேற்றியவர் யார்?

அக்கா: அந்தச் சாம்பல் நிறக் கல்லைக் கொடு. அது கோபால்ட் தாது.

தம்பி: சித்தப்பாவின் பெயர் மாதிரி இருக்கிறதே!

அக்கா: குணமும் அவருடையதுதான். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி கிடைக்கும் என்று நம்பி இதை உருக்கியபோது வெள்ளிக்குப் பதிலாக ஆர்செனிக் கலந்த நச்சுப்புகைதான் எழுந்தது. ஆகவே கோபோல்டு என்கிற குட்டிச்சாத்தான் செய்த வேலை இது என்று முடிவுகட்டி, அதன் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார்கள்.

தம்பி: சித்தப்பாவேதான். எது கெட்டாலும் பழி பிறர் தலையில்.

அக்கா: நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். சாத்தான் பொய்யாக இருக்கலாம், ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பட்ட பாடு பொய்யில்லையே என்று பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து சித்தப்பா புலம்பத் தொடங்கினால், அவர் சொல்லும் காரணத்தை விட்டுவிட்டு வலி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி: ஓகோ, போன வாரம் அவரோடு இரண்டு மணி நேரம் தொலைபேசியில் பேசியது கோபால்ட் செய்த வேலையா!

(அவன் கை தட்டி, கண்ணாடி போன்ற ஒரு படிகம் விழுந்து சிதறுகிறது.)

தம்பி: ஐயோ அக்கா, தெரியாமல் பட்டுவிட்டது!

அக்கா: பதறாதே, துண்டுகளைப் பார். பெரிதோ சிறிதோ, எல்லாம் ஒரே சாய்ந்த கனசதுர வடிவம். இது கால்சைட். பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ழுஸ்த் ஆயுயி, நண்பர் ஒருவரின் சேகரிப்பிலிருந்த கால்சைட்டை இப்படித்தான் கைதவறிப் போட்டு உடைத்தார் என்றும், துண்டுகளின் வடிவத்தில் மயங்கி, தன்னிடமிருந்த படிகங்களையும் தானே உடைத்துப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். படிகவியலுக்கு அடித்தளம் இட்டவர் அவர். 1792இல், புரட்சியின்போது, அவரைச் சிறையில் அடைத்தார்கள். அவரை விடுவிக்கப் பாடுபட்டவர் அவருடைய மாணவர் ஒருவர்.

தம்பி: கல்லைப் பறிகொடுத்த நண்பர் என்ன சொன்னாராம்?

அக்கா: அதைக் கதை சொல்வதில்லை.

தம்பி: சேர்த்தவருக்குப் பெயர், உடைத்தவருக்கும் பெயர். சுமந்தவனுக்கு ஒன்றுமில்லையா?

அக்கா: உண்டு. 1969இல் நிலவிலிருந்து வந்த கற்களில் ஒரு புதிய கனிமம் கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், கொலின்ஸ் ஆகிய மூவர் பெயரையும் கோத்து அதற்கு ஆர்மல்கோலைட் என்று பெயர் வைத்தார்கள். நிலவில் இறங்கிய இருவரோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே காலே வைக்காமல், கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்து, அவர்களையும் கற்களையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த கொலின்ஸை யாரோ மறக்காமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த யாரோ ஒருவரை நினைத்தால் எனக்கு மனிதர்கள்மீது கோபமே வருவதில்லை.

(ஒரு துண்டின் மேல் சீட்டு ஒட்டி எழுதுகிறாள்.)

தம்பி: ‘கால்சைட். உடைத்தவர்: தம்பி.’ அக்கா, ‘சுமந்தவர்’ என்று போடக்கூடாதா?

அக்கா: தாராளமாகப் போடலாம். கீழே இன்னும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன.