கணக்கு வராதா, எகனாமிக்ஸ் எடுத்துக்கொள்!

ஞாயிற்றுக்கிழமை தில்லியில் நம்மவர் விழாவில், அதாவது இங்குள்ள தமிழர்கள் கூடும் விழாவில், நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை ஐந்து பேர், சிரிக்கும் பொம்மையோடு, எனக்கே அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, தனக்குக் கணக்கென்றால் பயமாக இருக்கிறது, மேலே என்ன படிக்கலாம் என்று கேட்கிறாள். நம் சிறப்பு விருந்தினர் மைக்கை வாயருகே இழுத்து, "கணக்கு வராதா, எகனாமிக்ஸ் எடுத்துக்கொள் அம்மா, நாலு பக்கம் கதை எழுதினால் மார்க் வந்துவிடும்" என்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன். கைதட்டவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

பொருளாதாரம் கணக்குக்குப் பயந்தவர்கள் ஒதுங்கும் திண்ணை அன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் படிக்க வேண்டுமானால் பொது நுழைவுத்தேர்வில் கணிதத் தாளை எழுதியே ஆகவேண்டும். அவர் பேச்சை நம்பி அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் கணக்கை விட்டுவிட்டால், அவர் கைகாட்டிய அதே கதவுதான் அவளுக்கு முதலில் மூடும். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருப்பவருக்கு இது தெரியவில்லை; தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

எனக்கு இதே அறிவுரையைச் சொன்னவர் என் மாமா. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவருக்குத் தில்லிப் பாடத்திட்டம் எப்படித் தெரியும்? கணக்கில்லாத குரூப்பில் பிளஸ் டூ முடித்து, பி.ஏ.வில் மூன்று ஆண்டுகள் பச்சைப் பென்சிலால் சமநோக்கு வளைகோடு (ஒருவருக்கு ஒரே அளவு நிறைவு தரும் இரு பொருள்களின் கலவைகளை இணைக்கும் கோடு) வரைந்து, "இது ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்கும்" என்று எழுதி முதல் வகுப்பும் வாங்கினேன். பிறகு முதுகலை நுழைவுத்தேர்வுத் தாளைத் திறந்தேன். வகைக்கெழு, அணிகள், நிகழ்தகவு. ஒரு வளைகோடுகூட இல்லை.

அடுத்த ஓராண்டு தில்லியின் முனிர்க்காவில் ஓர் அறையில் தங்கி, பதினொன்றாம் வகுப்புக் கணக்கை முதலிலிருந்து படித்தேன். மாலையில் டியூஷன். பக்கத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள். நான் தங்கையைக் கூட்டிப்போக வந்த அண்ணன் என்று நினைத்து, முதல் நாள் ஒரு பையன் எனக்கு வெளியே நாற்காலி போட்டான்.

இரண்டாம் முறை இடம் கிடைத்தது. முதல் வகுப்பில் பேராசிரியர் படம் எதுவும் வரையவில்லை. ஒருவருடைய விருப்பங்கள் முழுமை (எந்த இரண்டையும் ஒப்பிட முடிவது), கடப்புத்தன்மை (அ-வை ஆ-வைவிடவும், ஆ-வை இ-யைவிடவும் விரும்பினால் அ-வை இ-யைவிட விரும்புவது), தொடர்ச்சி (விருப்பம் திடீரெனத் தாவாதது) ஆகிய மூன்றையும் கொண்டிருந்தால் அவற்றைக் குறிக்கும் பயன்பாட்டுச் சார்பு ஒன்று, அதாவது அதிகம் விரும்புவதற்கு அதிக எண் தரும் சார்பு, உண்டு என்று எழுதிவிட்டு, அதை நிறுவத் தொடங்கினார். 1954-இல் ஜெரார் டெப்ரூ என்ற பொருளாதார அறிஞர் நிறுவிய முடிவு அது. நான் மூன்று ஆண்டுகள் வரைந்த கோட்டுக்குப் பின்னால் இப்படியொரு நிரூபணம் இருக்கிறது என்பதே எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. இளங்கலையிலும் முதுகலையிலும் பாடத்தின் பெயர் ஒன்றுதான்; பாடம் ஒன்றல்ல. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

"கணக்கே பொருளாதாரம் ஆகிவிடுமா, அமர்த்தியா சென் பஞ்சத்தையும் நீதியையும் பற்றி எழுதவில்லையா" என்று கேட்க ஒருவர் வருவார். எழுதினார். தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அவர் பணியாற்றிய காலத்தில், 1970-இல் வெளிவந்த சமூகத் தேர்வு (பலருடைய விருப்பங்களிலிருந்து ஒரு சமூகம் பொதுமுடிவு எடுப்பது) பற்றிய நூலைப் புரட்டிப் பாருங்கள்: சொற்களில் எழுதிய இயலை அடுத்து, நட்சத்திரக் குறியிட்ட கணித இயல் வரும். சொற்களில் வாதிட்ட அவர் கணிதத்தை விட்டு ஓடவில்லை.

"2008 உலக நிதி நெருக்கடியை உங்கள் ஆள்களால் கணிக்க முடிந்ததா" என்பது இன்னொருவர் கேள்வியாக இருக்கும். பாலம் இடிந்தால் சிவில் இன்ஜினியரிங்கைக் கதை என்று யாரும் சொல்வதில்லையே, ஐயா.

சின்னப் பெண்ணைப் பயமுறுத்தாதே என்பார்கள் சிலர். பி.ஏ.வோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கணிதம் தேவைப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். பதினைந்து வயதில் வேறொருவர் மேடையிலிருந்து நிறுத்த வேண்டாம்.

உண்மையில் என்னைச் சுட்டது அந்த அறிவுரையைவிட அந்தக் கைதட்டல்தான். பி.ஏ. தொடங்கி முனைவர் பட்டம் வரை பதினோர் ஆண்டுகள் படித்தேன். இன்னமும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள், "எந்த பேங்க்கில் இருக்கிறாய் தம்பி" என்று கேட்கிறார்கள். இல்லையென்றால், எந்த ஷேர் வாங்கலாம் என்று. கணினி படித்தவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. 1949-இல் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்கிய வி.கே.ஆர்.வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நான் போன நம்மவர் விழா எதிலும் அவர் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பன்னாட்டு நிறுவனத்தில் துணைத்தலைவராக இருப்பவருக்கு மட்டும் ஆண்டு தவறாமல் பொன்னாடை.

இதைப் படித்தபின் அடுத்த ஆண்டு எனக்கு அழைப்பிதழ் வராது. பரவாயில்லை. அந்தப் பெண்ணின் பெற்றோரை யாருக்காவது தெரிந்தால், பதினொன்றாம் வகுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் முன் என்னிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். கணக்கு நானே சொல்லித் தருகிறேன்; அந்தப் பழைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இன்னும் தூக்கிப்போடவில்லை.