அந்த 'ஸ்கேலர்' அலங்காரம் இல்லைங்க

நேத்து பெர்ல் (Perl) கோட் ரிவ்யூல நடந்ததைப் பாத்தவங்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஹேஷுக்குள்ள (பேரும் மதிப்பும் ஜோடி ஜோடியா வைக்கிற இடம்), வெப் ஃபார்ம்ல வந்த மதிப்பை எடுத்துத் தர்ற 'பாரம்' (param) ஃபங்ஷனுக்கு முன்னாடி, ஒரே ஒரு மதிப்பு போதும்னு சொல்ற 'ஸ்கேலர்' போட்டிருந்ததை "தேவையில்லாத அலங்காரம்"னு சொல்லி எடுக்க வச்சிட்டாங்க. மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

அலங்காரம் இல்லைங்க, அதுதான் பூட்டு. சிஜிஐ.பிஎம்-ல (வெப் ஃபார்ம்ல வர்றதைப் படிக்கிற பெர்ல் மாட்யூல்) பாரம் எந்த இடத்துல கூப்பிடுறோமோ அதுக்கேத்த பதிலைத் தரும். ஸ்கேலர் வேரியபிள்ல வாங்கினா முதல் மதிப்பு மட்டும். லிஸ்ட் இடத்துல, அதாவது பல மதிப்பு வரலாம்ங்கிற இடத்துல, கூப்பிட்டா அந்தப் பேர்ல வந்த எல்லாமும். எதுவுமே வரலைன்னா காலி லிஸ்ட். அன்டெஃப் ('மதிப்பு இல்லை'ங்கிற குறி) கூட கிடையாது. ஹேஷ் கட்டுற அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது லிஸ்ட் இடம்.

இதைப் பாருங்க:

(ரோல் => 'யூசர்', நேம் => $க்யூ->பாரம்('நேம்'))

ஒருத்தன் நேம்=எக்ஸ்&நேம்=ரோல்&நேம்=அட்மின்னு அனுப்புறான். உள்ள விழுறது ரோல், யூசர், நேம், எக்ஸ், ரோல், அட்மின். ஒரே கீ (ஜோடியில இருக்கிற பேர்) ரெண்டு தடவை வந்தா பின்னாடி வந்ததுதான் நிக்கும். ஆள் அட்மின் ஆயிட்டான். நேமே அனுப்பலைன்னா, அதுக்கு அடுத்து எழுதியிருக்கிற கீ நேமோட மதிப்பா உக்காந்துக்கும். அங்கேருந்து எல்லாமே ஒரு இடம் நகரும்.

கற்பனை இல்லை. 2014-ல பக்ஸில்லாவுல (பிழைகளைப் பதிவு பண்ற சாஃப்ட்வேர்) புது அக்கவுன்ட் போடுற இடத்துல இதே ஓட்டைதான்: ரியல்நேம் (முழுப்பேர்) வழியா லாகின் பேரையே மாத்த முடிஞ்சுது. அதே வருஷம் சிஜிஐ.பிஎம் 4.05 லிஸ்ட் இடத்துல கூப்பிட்டா எச்சரிக்க ஆரம்பிச்சுது, எல்லா மதிப்பையும் வேணும்னே கேக்கிறதுக்கு மல்டி_பாரமும் வந்துது.

"நாங்கதான் வேலிடேட் பண்றோமே"ம்பீங்க. 'மை $நேம் =' போட்டுச் சோதிக்கிறது முதல் மதிப்பை மட்டும்தான். கீழ ஹேஷுக்குள்ள மறுபடி பாரத்தைக் கூப்பிட்டா மிச்சமும் சோதனையில்லாம உள்ள வருது. "பாரத்தைச் சுத்தி ராப்பர் ஃபங்ஷன் எழுதியாச்சு"ம்பீங்க. 'ரிட்டர்ன் $க்யூ->பாரம்($பேர்)'னு எழுதினா, கூப்பிட்டவரோட இடம்தான் அந்த வரிக்கும். ராப்பர் ஒண்ணையும் தடுக்காது.

"சிஜிஐ-யை யார் இப்ப எழுதுறா?" சரி, 2015-ல பெர்ல் 5.22-லேயே அதைக் கோர்லருந்து (பெர்லோடவே சேர்ந்து வர்றதுலருந்து) எடுத்துட்டாங்க. ஆனா ஓடிட்டிருக்கிற கோடு ஓடிட்டுத்தானே இருக்கு? நீங்களே எழுதின ஃபங்ஷன்ல தோல்விக்கு வெறும் 'ரிட்டர்ன்;' போட்டாலும் லிஸ்ட் இடத்துல காலிதான் வரும், ஹேஷ் நகரத்தான் செய்யும். டிபிஐ-யோட (டேட்டாபேஸோட பேசுற பெர்ல் மாட்யூல்) 'க்வோட்' (quote) ஃபங்ஷனுக்குள்ள நேரடியா பாரம் கொடுத்தா, ரெண்டாவது மதிப்பை அது டேட்டா டைப்பா எடுத்துக்கும். அது எண் வகையா இருந்தா மேற்கோள் போடாமலே விட்டுடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு (டேட்டாபேஸ் கட்டளைக்குள்ள வெளியாள் தன் கட்டளையை நுழைக்கிறது) வேற என்னங்க வேணும்?

இவ்வளவு சொன்னதுக்கு "ஓவரா பண்றீங்க"ன்னு ஒரு வரி பதில். கோபத்தை விட வலிதான் அதிகம். ஒரு வரி ஏன் இருக்குன்னு கேட்டுட்டு எடுத்திருக்கலாமே? லிஸ்ட்_கான்டெக்ஸ்ட்_வார்னை பூஜ்யமாக்கி எச்சரிக்கையையும் அணைச்சு வச்சிருக்கீங்க. முதல்ல அதை ஆன் பண்ணி, எர்ரர் லாகைத் திறந்து பாருங்க. எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு அதுவே சொல்லும்.