அளக்காமல் விட்ட மாதங்கள்

வானிலை முன்னறிவிப்பு என்றாலே சூப்பர் கம்ப்யூட்டர், செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேச்சு. தினமும் காலையில் மழைமானியைக் குனிந்து பார்த்து எண்ணைக் குறித்து வைப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

1944 ஜூன் 5 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்குவதாக இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், பிளாக்சாட் அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வானிலைக் குறிப்பும் எடுத்து வந்தவர் மொரீன் ஃபிளாவின். காற்றழுத்தமானி வேகமாக இறங்குவதைக் கண்டு அந்த எண்ணை அனுப்பினார். சரிபார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். மறுபடி போய்ப் பார்த்தார், அதே எண். திரும்பவும் கேட்டார்கள். அப்போதும் அதே எண். அட்லாண்டிக்கிலிருந்து புயல் வந்துகொண்டிருந்தது. தரையிறக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த எண் எதற்குப் பயன்பட்டது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் நாளைய வானத்தைக் கற்பனை செய்வதில்லை. இந்த நொடியில் காற்று எங்கே, எவ்வளவு வெப்பத்தோடும் ஈரத்தோடும் இருக்கிறது என்பதிலிருந்து கணக்கை நகர்த்துகிறது. தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை நாள் ஆக ஆகப் பெருகும். அதற்காகத்தான் உலகின் பல நூறு இடங்களிலிருந்து, பெரும்பாலும் நாளுக்கு இருமுறை, கருவி கட்டிய பலூன்கள் மேலே போகின்றன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும்வரை தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

"செயற்கைக்கோள் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். செயற்கைக்கோள் வெப்பத்தைத் தொட்டு அளப்பதில்லை. கதிர்வீச்சைப் பார்த்துக் கணிக்கிறது. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அது வான்மேல் பரப்பிய துகள்கள் குறுக்கே நின்றதால், கடல் இருந்ததைவிடக் குளிர்ந்திருப்பதாகச் செயற்கைக்கோள்கள் காட்டின. அடியில், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையானவற்றில் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. அது உச்சத்தை நெருங்கும்வரை அறிவியலாளர்கள் தெளிவாக உணரவில்லை.

அந்த அடிக்குப் பிறகுதான் பசிபிக்கில் நிலநடுக்கோடு நெடுக, ஏறத்தாழ 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். 1994இல் வேலை முடிந்தது. எல் நினோவை மாதங்களுக்கு முன்பே எதிர்பார்க்க முடிகிறது என்றால் அதில் இந்த மிதவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 2012க்குப் பிறகு பராமரிப்புக் கப்பல் இல்லாமல் ஒவ்வொன்றாகப் பழுதாகி, 2014 வாக்கில் பாதித் தகவல்கூட வரவில்லை. பாடம் கற்றுக் கட்டியதைச் செலவு மிச்சம் என்று கைவிடுவது எனக்குக் கோபமூட்டுகிறது. கப்பலை நிறுத்தினால் அன்றைக்கே எதுவும் இடிந்து விழாது. அதனால்தான் வெட்டுவதற்கு முதலில் இதன் மேல் கை போகிறது.

காலநிலைக்கு இது இன்னும் கொடுமை. நாளைய மழைக்கு இன்றைய அளவு போதும்; காலநிலைக்குப் பல பத்தாண்டுகள் அறாத தொடர் வேண்டும். ஹவாயின் மௌனா லோவா மலையில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் 1958இல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. உலகம் முழுக்க அறிந்த அந்த வரைபடத்தைக் கூர்ந்து பாருங்கள். 1964இன் தொடக்கத்தில் சில மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும். நிதியைக் குறைத்ததால் அப்போது அங்கே அளவெடுக்க முடியவில்லை.