20 வருடம் கடந்த கேம் பொதுச்சொத்து ஆகிவிடாது

தம்பி, "20 வருடம் கடந்த கேம் யாருக்கும் சொந்தமில்லை, ரோமை (கேமின் பிரதிக் கோப்பை) இறக்கி 24 மணித்தியாலத்தில் அழித்தால் சட்டப்படி சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. பெற்றோர் பலர் வாசிக்கும் இடம் என்பதால் சொல்கிறேன்.

24 மணித்தியால விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ரோம் தளங்கள் பரப்பிய கதை அது. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு 70 வருடக் கணக்கு. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இன்றும் நின்டெண்டோவுடையதுதான்.

அதற்காக எமுலேட்டரே (கேம் இயந்திரம்போல கணினியை நடக்க வைக்கும் மென்பொருள்) குற்றம் என்று இன்னொருவர் சொன்னதும் சரியில்லை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது சோனி போட்ட வழக்கில், 2000இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் நின்றது. சிக்கல் ரோம் எங்கிருந்து வருகிறது என்பதில்.

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வளர்ந்த நமக்கு டிவி கேம் என்றால் அந்த மஞ்சள் கெசட்தான். மேலே 9999 கேம் என்றிருக்கும், போட்டால் அதே நாலைந்து திரும்பத் திரும்ப வரும். அதுவும் அனுமதியில்லாத பிரதிதான். கடைக்காரரையோ வாங்கித் தந்த அப்பாவையோ நான் குறை சொல்லவில்லை, அப்போது அசல் இங்கே கிடைக்கவே இல்லை.

இப்போது வழி இருக்கிறது. பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற 1994 கேமை உரிமையாளர்களே 2003இல் இலவசமாக விட்டார்கள், ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து யார் செய்தது என்றும் சொல்லுங்கள்.