பழைய இரும்புக் கடைக்கு வந்த விரல்கள்

போன கிழமை அநுராதபுரச் சந்திப் பக்கம் பழைய இரும்பு வாங்குகிற நானா ஒருவர், "தம்பி, இதுக்குள்ள எடுக்கக்கூடியது ஏதும் இருக்கா பாருங்க" என்று ஒரு பையைக் கொண்டு வந்து என் கடை மேசையில் கொட்டினார். இரண்டு ரவுட்டர், ஒரு உடைந்த கீபோர்ட், பிறகு ஒரு பிங்கர் பிரிண்ட் மெசின். வேலைக்கு வந்த நேரம் போன நேரம் பதிய வாசலில் மாட்டியிருப்பார்களே, அதுதான். சும்மா பவர் கொடுத்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. மெனுவை அழுத்தினேன், பாஸ்வேர்ட் கூடக் கேட்காமல் உள்ளே விட்டது. 140 சொச்சம் பேர். பெயர், ஊழியர் இலக்கம், ஆளுக்கு இரண்டு விரல். முதல் நாலு பெயரைப் பார்த்ததுமே எந்த இடத்து மெசின் என்று விளங்கிவிட்டது, திருகோணமலை அவ்வளவு பெரிய ஊர் இல்லை. இடத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கும் முகம் இல்லை. இந்த மெசின்களை மாட்டியும் திருத்தியும் பிழைக்கிறவன் நான். "பாஸ்வேர்ட் போட்டா மறந்து போயிடும் தம்பி, விடுங்க" என்று சொன்ன எத்தனை இடங்களில் நானும் விட்டுவிட்டு வந்திருப்பேன், கணக்கில்லை.

இதைச் சொன்னதும் நண்பன் ஒருவன் கேட்டான், உள்ளே இருப்பது விரலின் படம் இல்லையே, வெறும் இலக்கங்கள்தானே, எவன் எடுத்து என்ன செய்யப் போகிறான் என்று. பாதி சரி. பெரும்பாலான மெசின்கள் ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை மட்டும்தான் எழுதி வைக்கின்றன. ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்தே ரேகையைத் திரும்ப வரைந்து மெசின்களை ஏமாற்ற முடியும் என்று இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இலேயே காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2002இல், ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர் சமையலறை ஜெலட்டினில் பொய் விரல் செய்து அப்போதைய மெசின்களை ஏமாற்றினார். ஜெலி செய்கிற அதே ஜெலட்டின்தான்.

இந்தியாவில் இது ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. ஆதார் கைரேகையை வைத்துக் காசு எடுக்கிற வசதி கிராமங்களுக்கு வந்தது, நல்ல விஷயம்தான், வங்கிக்கு இருபது கிலோமீட்டர் போகத் தேவையில்லை. ஆனால் காணி உறுதிப் பத்திரங்களில் வைத்த பெருவிரல் அடையாளத்தை இணையத்தில் இருந்து எடுத்து, சிலிக்கோனில் அச்சு வார்த்து, அந்த விரலால் கணக்கில் இருந்த காசை எடுத்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். உறுதியில் கைநாட்டு வைத்த நாளில் அது ஒருநாள் வங்கிச் சாவியாகும் என்று யாருக்குத் தெரியும்? விரும்பினால் உங்கள் ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்ற வசதி ஆதாரில் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் போய்ப் பூட்டுகிறவர், எப்படியும் ஏமாறாத ஆளாகத்தான் இருப்பார்.

என் பெரியப்பா நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். கம்பான் கயிறு உரசி உரசி அவருடைய விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழ என்று இருக்கும். ஒரு கவுண்டரில் எட்டுத் தடவை விரல் வைக்கச் சொன்னார்கள், கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள், பின்னால் வரிசை முணுமுணுத்தது. வீட்டுக்கு வந்து சொன்னார்: "நான்தான் நான் எண்டு அந்த மெசின் நம்புதில்லையடா." அன்று முழுக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய பயமே. விரல் விழவில்லை என்று முறைப்பாடு கூடினால் "கொஞ்சம் லூசாக்கி விடுங்க" என்பார்கள். செட்டிங்கில் ஒரு இலக்கம் இருக்கிறது, எவ்வளவு ஒத்துப்போனால் ஆள் சரி என்று எடுப்பது என்று. பாஸ்வேர்ட் என்றால் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பிழைதான், விரல் அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரிந்து, கொஞ்சம் காய்ந்து, கொஞ்சம் அழுத்தி விழும், அதனால் மெசின் எப்போதும் ஒரு மதிப்பீடுதான் செய்கிறது. அந்த இலக்கத்தைக் குறைத்தால் பெரியப்பா உள்ளே வருவார், அவரோடு அவர் இல்லாத ஒருவரும் வரலாம். கூட்டினால் இரண்டு பேரும் வெளியே. நானே ஒரு இடத்தில் குறைத்துவிட்டு வந்து, இரண்டு மாதத்தில் ஒருவரின் விரலுக்கு இன்னொருவரின் பெயர் விழுந்து, சம்பளக் கணக்குக் குழம்பிச் சண்டை வந்தது. வரவுப் பதிவில் இது சண்டையோடு போகும். ஓய்வூதியத்திலும் வங்கியிலும் வாக்காளர் இடாப்பிலும் வந்தால்?

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இலங்கை முழுக்க டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்திய நிதியுதவியோடு 2022இல் உடன்பாடு எழுதப்பட்ட திட்டம், முகம், விரல், கருவிழி மூன்றையும் எடுப்பது என்று. நான் அதற்கு எதிரானவன் இல்லை. 1990இல் யுத்தத்தில் ஓடியபோதும், 2004 சுனாமியிலும், 2006இல் சம்பூர், மூதூர்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோதும் பிறப்புச் சான்றிதழில் இருந்து காணி உறுதி வரை தொலைத்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் நடந்து தேய்ந்த சனம் நாங்கள். கடதாசி கடலோடு போனாலும் ஆள் ஆள்தான் என்று சொல்ல ஒரு பதிவு இருப்பதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

பதிவு என்ற சொல்லின் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். சுற்றிவளைப்பில் ஊரை வரிசையில் விட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருப்பான். அவன் தலை அசைந்தால் முடிந்தது, ஏன் என்று கேட்க முடியாது. நீ இன்னார்தானா என்று உன் அட்டையோடு உன்னை ஒப்பிடுவது ஒன்று. கூட்டத்தில் இவன் யார் என்று எல்லாரையும் ஒரு பெட்டிக்குள் போட்டுத் தேடுவது முழுக்க வேறு. முதலாவதற்கு எல்லார் பதிவையும் ஓரிடத்தில் சேர்த்த பெரிய களஞ்சியமே தேவையில்லை, அட்டையின் சிப்புக்குள் ரேகை இருந்தால் போதும். இரண்டாவது, தலையாட்டிக்குக் கரண்ட் கொடுத்த மாதிரி. 2021இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் விரலும் கருவிழியும் பதிந்த கருவிகளில் சில தாலிபான் கையில் போனதாகச் செய்தி வந்ததே, அவற்றை வாங்கிய நாளில் அப்படி நினைத்தா வாங்கினார்கள்?

பெரிய நாடு என்றால் பாதுகாப்பாக வைத்திருக்கும் என்றும் இல்லை. 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகத்தில் இருந்து 56 இலட்சம் பேரின் கைரேகை களவு போனது. எஸ்தோனியாவில் 2017இல் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட அடையாள அட்டைகளின் சிப்பில் ஓட்டை என்று தெரிந்தபோது, அட்டைக்குள் இருந்த இரகசியச் சாவிகளை மாற்றிவிட்டு அதே அட்டையோடு தொடர்ந்தார்கள். அங்கே கையொப்பமும் உள்நுழைவும் அட்டையும் பின் நம்பரும்தான், விரல் இல்லை. அமெரிக்காவின் அந்த 56 இலட்சம் பேரும் எதை மாற்றுவது?

என்னைக் கேட்டால், ஒரே ஆள் இரண்டு அட்டை எடுக்காமல் பார்க்க, பதிகிற நாளில் விரலையும் கருவிழியையும் எடுங்கள். அதைப் பூட்டி வையுங்கள், அன்றாட வேலைக்கு வெளியே எடுக்காதீர்கள். வங்கிக்கும் சிம் கடைக்கும் அட்டையும் பின் நம்பரும் போதும். யாராவது என் பதிவைத் தொட்டால் அந்த நிமிடமே எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வரவேண்டும். விரல் விழாதவருக்கு வேறு வழி இருக்க வேண்டும், அதுவும் கெஞ்சிக் கேட்கிற வழியாக இல்லாமல், சட்டத்தில் எழுதிய வழியாக.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, எங்களிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உயிரியல் தரவு அதில் விசேட வகைக்குள் வருகிறது. மெசின் வாங்குகிற டியூட்டரிக்காரருக்கும் கடை முதலாளிக்கும் அது தெரியாது. மாட்டுகிற எனக்கே போன வருடம்தான் தெரியும்.

அந்த 140 பேரையும் நானாவுக்கு முன்னாலேயே அழித்தேன். பிறகு அந்த இடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அது கழிச்ச சாமான்தானே தம்பி" என்றார்கள்.

உங்கள் இடத்தில் பழைய மெசின் கழிப்பதாக இருந்தால் இரும்புக்குப் போடும் முன் என் கடைக்குக் கொண்டு வாருங்கள். பத்து நிமிட வேலை, காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் கடை பூட்டு.